என் உள்ளே காவல் நின்றவள்

பிற்பகல் மூன்றே முக்கால். பள்ளி வேன் தெருமுனையில் திரும்ப வேண்டிய நேரம், திரும்பவில்லை. காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு பற்றியெரிந்த 1991 டிசம்பர் அது. ஜோகுபாளையத்து மாடிவீட்டில் நான் தனியாக இருந்தேன். கணவர் வேலையாக ஹூப்ளி போயிருந்தார். மகளுக்கு ஏழு வயது. தமிழர்களைத் தேடி அடிக்கிறார்கள் என்று கீழ்வீட்டு அம்மா ஓடிவந்து சொன்னார்.

நான் அழவில்லை, கத்தவில்லை. சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். கதவில் தமிழில் எழுதியிருந்த பெயரைத் தேங்காய் நாரால் தேய்த்து அழித்தேன். பிறகு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு.

அதற்குப் பின் எதுவும் நினைவில்லை. இருட்டிய பிறகு வேன் டிரைவர் மகளைத் தூக்கிவந்ததே கீழ்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரியும்.

"கல்லு மாதிரி நின்னீங்கம்மா. கொழந்தைய வாங்கிட்டு, 'டிபன் பாக்ஸ் எங்க?'ன்னு கேட்டீங்க."

மகளுக்கும் தெரியாது, தூங்கிப்போயிருந்தாள். பெற்ற பிள்ளை உயிரோடு திரும்பிய நிமிடம் எனக்குக் கிடைக்கவே இல்லை. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் பீன்ஸோடு நின்றுவிடும்.

2003இல் மகள் கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தாமதமாக வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"டிராஃபிக்மா! போலீஸ்ல சொல்லிட்டியா, இனிமேதானா?"

அன்றுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன ஜென்மமோ நான் என்றேன்.

"திட்டாதம்மா. உனக்குள்ள ஒருத்தி காவல் நிக்கறா. அன்னிக்கு நீ உடைஞ்சிருந்தா காலண்டர யாரு கழட்டியிருப்பா? உன்னால தாங்க முடியாதுன்னு அழுகையப் பூட்டி வெச்சுட்டா. இன்னும் டூட்டி முடியலன்னு நிக்கறா, பாவம்."

உள்ளே காவல் நின்ற அவளை நான் வியந்தது அப்போதுதான். எதை ஒளிப்பது, எதை அழிப்பது, கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று நொடியில் முடிவு செய்தவள். பயத்தை ஒரு சொட்டுக்கூட என்மேல் சிந்தவிடாதவள். அழுகையைப் பூட்டியபோது அந்த நிமிடமும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. அது அவள் குற்றமா?

பாத்திரம் துலக்கும்போது அவளிடம் பேசத் தொடங்கினேன். "பொண்ணு வந்துட்டா. உள்ள படுத்துத் தூங்கறா, பாரு. நீயும் செத்த உட்காரு." மகள் வரும் பஸ் தாமதமானால் இப்போதும் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறேன். அவள் முழுதாக நம்பிவிடவில்லை.

ஆனால் ஒரு காலையில், குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு அழுதேன். அழுகையின் நடுவே, பூட்டிக் கிடந்த நினைவிலிருந்து அந்த வேன் டிரைவர் மாடிப்படி ஏறிவந்தார். காக்கிச் சட்டை, மூச்சிரைப்பு, தோளில் என் மகள். கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் தடுமாறினார்.

"வழியில நிறுத்தி கேட்டாங்கம்மா. என் மகள்னு சொல்லிட்டேன். தப்பா நினைக்க வேணாம்."