பன்றி ரத்தமும் இரண்டு பிடி கல்லுப்பும்

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் மாமியார் முந்திக்கொண்டு, "லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுது" என்று சொல்லிவிடுவார். யாருடைய ரத்தம் என்பதை மட்டும் விழுங்கிவிடுவார். பன்றி சமாச்சாரம் வீட்டுக்குள் வரக்கூடாது. நானும் குளித்த பிறகுதான் அடுப்படிக்குப் போகலாம்.

என் கணவருக்கு மரக்காணத்தில் உப்பளம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஒன்றும் கேட்கவும் மாட்டார். திட்டுகிறவரோடு சண்டையாவது போடலாம். என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காத மனிதரை என்ன செய்வது? அதுதான் எனக்கு வலித்தது.

வேலை இதுதான். காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். உடம்புக்குள் ஓடும்போது உறையக் கூடாது. அந்த உறைதலுக்குக் கடிவாளம் போட ஒரு புரதம் இருக்கிறது. காய்ச்சல் கண்ட பன்றிக்கு அது எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். மனிதர்களுக்காக விற்கிற சோதனை கிட், பன்றியின் புரதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை நாங்களே உருவாக்கினோம். அதைக் குழித்தட்டில் ஒட்டவைத்து, ரத்த அணுக்கள் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிவை ஊற்றி, புரதத்தின் அளவுக்கு மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று பார்ப்போம். ஆரம்பத்தில் ஏறவே ஏறாது. ஏறினால் வெறும் தண்ணீர் ஊற்றிய குழியிலும் ஏறும். அந்த நாட்களில் யாராவது மஞ்சள் புடவை கட்டி வந்தால்கூட எனக்கு எரிச்சல் வரும்.

ஒருவழியாகத் தட்டு சொன்னபடி கேட்கத் தொடங்கியபோது, மரக்காணம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் குட்டி போட்ட தாய்ப்பன்றி காய்ச்சலில் விழுந்தது. மருந்து போடுவதற்கு முன் எடுத்த ரத்தம்; மறுபடி கிடைக்காது. லேப் டிரைவர் அன்றைக்கு லீவு. நானோ இரும்பை கிராமத்துக்குப் போகும் வழியில் இருக்கும் லேபில். வேறு வழியில்லாமல் கணவருக்குப் போன் போட்டேன்.

"சரி, எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

வெயிலில் ஈசிஆர் கடற்கரைச் சாலை வழியே பைக் ஓட்டி வந்து, ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

டியூபுகள் கல்லாகக் கிடந்தன. உருகவைத்துச் சுழற்றினேன். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு பிரிந்து நிற்க வேண்டும். எல்லாமே சிவப்பாக இருந்தது. ஐஸாக உறைந்ததில் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன. பெட்டியின் அடியில் கல்லுப்பு கிடந்தது.

சொன்னால் இனி அவர் இந்தப் பெட்டியைத் தொடவே மாட்டார் என்று பயமாக இருந்தது. இவ்வளவு காலம் கழித்து ஒரு நாள் என் வேலைக்குக் கை கொடுத்திருக்கிறார். ஆனால் சொல்லாமல் எப்படி இருப்பது? வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெட்டியில உப்பு போட்டீங்களா?"

"ஆமா. வெயில் கொளுத்துதே, ஜில்லுனு நிக்கட்டும்னு ரெண்டு பிடி போட்டேன். நம்ம அளத்து உப்புதான். ரத்தம் கெட்டுடக் கூடாது பாரு."

"அதனாலதாங்க கெட்டுப்போச்சு. உப்பால ஜில்லு ஜாஸ்தியாகி ரத்தமே ஐஸா உறைஞ்சிடுச்சு. இனிமே ஒதவாது."

அவர் முகம் செத்துவிட்டது. மீனோ மாங்காயோ, கெடக் கூடாது என்றால் உப்பைப் போடுகிற ஊர் எங்களுடையது. உப்பு போட்டே ஒன்று கெட்டுப்போகும் என்று அவர் எங்கே கண்டார்?

டீ கிளாஸை வைத்துவிட்டுப் பைக் பக்கம் போனார். அவ்வளவுதான், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். சாவியைப் போட்டவர் திருகாமல் நின்றார்.

"அந்த ரத்தத்துல நீ இன்னாதான் தேடுற? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

எத்தனையோ பேருக்கு மேடையேறிச் சொன்னதுதான். அவரிடம் சொல்ல வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. அவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.