‘ங்க’ போடாத வாய்

ஜெர்மனியில் போலீஸ்காரரைப் பார்த்து ‘நீ’ என்று சொன்னால் அபராதம் கட்ட வேண்டி வரலாம். ஆளையும் இடத்தையும் பொறுத்தது என்றாலும், அதை அவமதிப்பு என்று வழக்காக்க அங்கே சட்டத்தில் இடமுண்டு. ஐரோப்பியச் சட்டமும் ஒப்பீட்டுச் சட்டமும் படிக்க நான் போயிருந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியை இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஒரு ‘நீ’க்கு அபராதமா என்று பக்கத்தில் இருந்தவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் அதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பேராசிரியை திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. இரண்டு நாட்டுச் சட்டங்களை ஒப்பிடும்போது பெயரைப் பார்க்காதீர்கள், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள் என்பார். ஓரிடத்தில் சட்டம் செய்யும் வேலையை இன்னோரிடத்தில் வழக்கம் செய்துகொண்டிருக்கும். நான் ஆய்வுக்கு எடுத்ததும் அதையொட்டித்தான்: மரியாதை தராதவனை எந்த நாடு எப்படித் தண்டிக்கிறது. நான் கோயமுத்தூர் என்று தெரிந்ததும் அங்கே படித்த சென்னைப் பையன், உங்கள் ஊரில் எல்லாரும் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்களாமே என்றான். ஆமாம், ஏனுங்க, வாங்க, சொல்லுங்க என்று தேனாக ஒழுகும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஒழுகும் என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லி என் வாயைத்தான் வலிக்க வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா போத்தனூரில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால் ஆனைமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் தோப்பில் கூலி வேலை செய்தார்கள். அந்தக் குடும்பத்து ஆண்களைப் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்கள் வீட்டில் மூக்கு ஒழுகும் பொடியனுக்கும் ‘ங்க’ போட வேண்டும். அவன் எங்கள் வீட்டுப் பெரியவர்களை வாடா போடா என்பான். அரசாங்கச் சம்பளம் வாங்கிய பிறகும், அந்த ஊருக்குப் போய் இறங்கினால் அப்பாவின் முதுகு தானாக வளைந்துகொள்ளும்.

அண்ணன் வேறு மாதிரி. கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ‘ங்க’ போட்டுப் பேசியவருக்கு ‘ங்க’ போடுவான், போடாதவருக்குப் போட மாட்டான். அவ்வளவுதான் அவன் சட்டம்.

ஆய்வை எழுதி முடிக்க நான் வீட்டுக்கு வந்திருந்த சமயம், அந்தக் கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. நானும் அண்ணனும் பைக்கில் போய்விட்டுத் திரும்பும் வழியில் மெயின்ரோட்டு பேக்கரியில் டீ குடிக்க நின்றோம். ஒரு கார் வந்து எங்கள் பைக்கின் பின்னால் உரசுகிற மாதிரி நின்றது. ஓட்டி வந்தவன் அந்தப் பண்ணாடி வீட்டு மகன். அண்ணனைவிட நன்றாகவே சின்னவன்.

“டேய், வண்டிய எட்றா” என்றான்.

அண்ணன் கையில் டீ கிளாஸ் இருந்தது. திரும்பிப் பார்த்து, “இரு. டீயக் குடிச்சுப்போட்டு எடுக்கறேன்” என்றான்.

‘இருங்க’ என்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவன் காரிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருப்பான்.

இறங்கி வந்து கிளாஸோடு சேர்த்து அண்ணன் முகத்தில் அறைந்தான். கிளாஸ் உடைந்து அண்ணனின் உதடு கிழிந்தது. கொதிக்கும் டீ என் கை மேல் கொட்டியது. காருக்குள் இருந்த இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தன் அண்ணனின் தலைமுடியைப் பிடித்து பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் மோதினான். கண்ணாடி பொடியாகித் தேங்காய் பன் மேலெல்லாம் விழுந்தது. அண்ணனும் சும்மா இருக்கவில்லை, அவன் வயிற்றில் முழங்காலால் ஓங்கி இடித்தான். அதற்குள் பண்ணாடி மகன் டிக்கியைத் திறந்து ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்துவிட்டான்.

முதல் அடியே வாயில்தான். காய்ந்த தென்னை மட்டையை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் மண்டியிட்டு விழுந்தான். சுற்றிலும் நின்றவர்கள், “போதுமுங்க, உடுங்க” என்று அடிக்கிறவனிடம்தான் கெஞ்சினார்கள். அந்த நேரத்திலும் ‘ங்க’ யாருக்குப் போக வேண்டுமோ அவனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

பைக்கில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கிப் பண்ணாடி மகன் மண்டையில் போட்டேன். காது கிழிந்து ரத்தம் வந்தது. சட்டம் படித்தவள் சொல்லலாமா என்றால், சொல்வேன்: இனித்தது. இன்னொரு முறை ஓங்குவதற்குள் ஒருத்தன் என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். என் வயிற்றின் மேல் செருப்புக் காலை வைத்து அழுத்தினான். மூச்சு வரவில்லை. மீதியைத் தரையில் கிடந்தபடிதான் பார்த்தேன்.

பண்ணாடி மகன் கம்பியை அண்ணனின் மோவாய்க்கு அடியில் கொடுத்து முகத்தைத் தூக்கினான்.

“இருங்கன்னு சொல்லு. சொன்னா உட்டர்றேன்.”

‘ங்க’ சொல்லப் பல் வேண்டியதில்லை, உதடும் வேண்டியதில்லை. தொண்டையும் மூக்கும் இருந்தால் போதும். அண்ணனால் சொல்லியிருக்க முடியும். சொல்லிவிடு சாமி என்று நான் மனசுக்குள் கதறினேன். அண்ணன் வாயில் சேர்ந்த ரத்தத்தைப் பண்ணாடி மகனின் வெள்ளை ஷூ மேல் துப்பினான்.

இரண்டாவது அடியில் தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. மனித முகம் அப்படிக் கோணும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை கம்பி எழும்பியபோது, கார் வழியை மறைத்து நிற்கிறது என்று ஒரு டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவர்கள் காரில் ஏறிப் போனார்கள். அந்த டிரைவரின் எரிச்சலால்தான் அண்ணன் இன்று உயிரோடு இருக்கிறான்.

தாடையைச் சேர்த்து வைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டிவிட்டார்கள். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. மூன்று பேரும் உள்ளே போய் ஜாமீனில் வெளியே வந்தார்கள். பேக்கரிக்காரர் எதையும் பார்க்கவில்லையாம், கேமரா அன்றைக்கென்று வேலை செய்யவில்லையாம். ஹெல்மெட்டால் அடித்ததற்கு என் மேலும் ஒரு புகார் கொடுத்தார்கள், அதனால் என் சாட்சிக்கும் மதிப்புக் குறைந்தது. ஆக, அந்த மூன்று பேருக்கும் தண்டனை கிடைக்குமா என்பது முழுக்க அண்ணன் கோர்ட்டில் சொல்லப்போவதில் தொங்கியது.

சில வாரம் கழித்துப் பண்ணாடியே வீட்டுக்கு வந்தார், அடித்தவனின் அப்பா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பழக்கூடை. “உள்ள வரலாமுங்களா?” என்று வாசலில் நின்று கேட்டார். அப்பா அடித்துப் பிடித்து எழுந்தார். நான் நாற்காலியை நகர்த்தக்கூட இல்லை. காபி கொண்டுவரச் சொன்னார் அப்பா. இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன் என்று அழகாக மறுத்துவிட்டார் பண்ணாடி.

“ஏனுங்க, பசங்க ஏதோ ஆத்தரத்துல செஞ்சுபோட்டானுங்க. தம்பி வண்டியில இருந்து உழுந்துட்டாருன்னு கோர்ட்டுல ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அம்மணி, நீங்க வெளிநாட்டுல படிக்கறீங்க. கேஸு இருந்தா பாஸ்போர்ட்டுக்கெல்லாம் சிக்கலாகுமுங்க. அத நாங்க வாபஸ் வாங்கிக்கறமுங்க.”

மிரட்டல்தான். ஆனால் எத்தனை ‘ங்க’. பேராசிரியை சொன்னது சரி, பெயரைப் பார்க்கக் கூடாது. பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து டேய் மட்டுமே கேட்டிருந்த அப்பாவின் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷன் நாலு ‘ங்க’வுக்கு மகனின் தாடையை விற்றுவிடுவாரோ என்று பயந்தேன். பழக்கூடையைத் தூக்கி அந்த வெள்ளைச் சட்டை மேல் எறியப் பார்த்தேன். விசாவை நினைத்து ஒரு நொடி தயங்கவும் செய்தேன்.

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அடி வாங்கியவன் அவன், அவனையே கேளுங்க சாமி என்றார்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து டம்ளரில் இருந்த கம்மங்கூழை ஸ்ட்ராவால் உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாம் கை ஜாடைதான்.

“நீங்க என்னங்க தம்பி சொல்றீங்க?” என்றார் பண்ணாடி.

அண்ணன் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தான். கட்டிய பல்லைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

“இரு.”

இத்தனை ‘ங்க’ போட்டதற்குப் பதிலாக ஒரு ‘ங்க’வாவது பின்னால் வரும் என்று அவர் காத்திருந்தார். அண்ணன் ஸ்ட்ராவை மறுபடி வாயில் வைத்து, நிதானமாகக் கூழைக் குடித்து முடித்தான்.