மூன்றாம் எண் பதில்

நகரக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதில்கள் மொத்தம் நான்கு. ஒன்றாம் எண்: இது எங்கள் பிரிவுக்கு உரியதல்ல. இரண்டாம் எண்: தக்க ஆதாரங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும். மூன்றாம் எண்: தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது; அது உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படும். நான்காம் எண்: தங்களிடமிருந்து மேற்கொண்டு தகவல் வராததால் புகார் முடித்துவைக்கப்படுகிறது. குழாயில் காற்று வருகிறவர், சேறு வருகிறவர், ஒன்றுமே வராதவர் எல்லோரும் இந்த நான்குக்குள் அடங்கிவிடுவார்கள்.

இதில் மூன்றாம் எண்ணை எழுதியவர் பிரிவின் மூத்த எழுத்தர். ‘உரிய கவனத்துடன்’ என்பது அவருடைய சொந்தச் சரக்கு. அதற்கு முன் வெறும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று மொட்டையாக இருந்ததாம். ஜனங்கள் மறு வாரமே நேரில் வந்து நின்றார்களாம். இந்த இரண்டு சொல் சேர்ந்த பிறகு மூன்று மாதம் வரை பொறுக்கிறார்கள். அவருக்கு இதில் பெருமை உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இப்படிப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் துணி உலர்த்தும் அறையில் இஸ்திரிப் பலகையை ஓரம் தள்ளிவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால் ஆளே வேறு. ‘கருங்கோட்டை’ என்கிற இணைய விளையாட்டில் அவர் கேடயம் ஏந்திய தளபதி. முப்பத்தெட்டுப் பேர் கொண்ட படை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது; அதாவது, சொல்லை முழுதாகக் கேட்டுக்கொண்ட பிறகே தங்கள் இஷ்டத்துக்குச் செய்யும். ராத்திரியெல்லாம் விழித்து விளையாடும் வயதைப் படை எப்போதோ தாண்டிவிட்டது. பாதிப் பேருக்கு இடுப்புவலி. அதனால்தான் ஞாயிறு மதியம்.

அவருடைய மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ‘மூச்ச இழுங்க, அசையாதீங்க, விடுங்க’ என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி வீட்டிலும் பேச்சு சுருங்கிவிட்டது. நாற்பத்தேழு வயது மனிதர் ஒருவர் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதைத் தொழில்முறையில் பாராட்டவும் செய்வார். கல்லூரியில் படிக்கும் மகளுக்குத்தான் கூச்சம். தோழிகள் கேட்டால் அப்பா ஆன்லைனில் ஏதோ கோர்ஸ் படிக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

படையின் உயிர் வேன் அக்காவிடம் இருந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை. விளையாட்டில் அவர் வைத்தியக்காரி. அடிபட்டு விழுகிறவர்களை எழுப்பிவிடுவது அவர் வேலை. நிஜத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பின்னால் பத்தொன்பது பிள்ளைகள் கூச்சல் போட, திரும்பிப் பார்க்காமலே யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சொல்லக்கூடியவர். தளபதி கேடயத்தோடு முன்னே பாய்வதும், விழுவதும், அக்கா பின்னாலிருந்து எழுப்புவதும் ஒன்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. அக்கா இல்லாவிட்டால் படை ஒரு மாதம் தாங்காது. படை இல்லாவிட்டால் தளபதி வெறும் மூத்த எழுத்தர். இந்த இரண்டாவது விஷயம் அவருக்கு மட்டும் தெரியும்.

அக்காவுக்கு இருந்த ஒரே குறை, பை. விளையாட்டில் ஆளுக்கொரு பை. அதில் அறுபது அறை. ஓர் அறைக்கு ஒரு பொருள். அக்கா எதையும் தூக்கிப் போடாத பிறவி. பை நிரம்பி இரண்டு வருஷமாயிற்று. இந்த நேரம் பார்த்து வேறொரு பெரிய படை அவருக்குத் தூது விட்டது. நூறு பேருக்கு மேல் இருக்கிற படைக்கு மட்டும் பொதுக் கிடங்கு உண்டு. அவர்களிடம் அது இருந்தது. அக்கா ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

“எக்ஸ்பான்ஷன் வரட்டும் தலைவரே. அதுல பை பெருசாச்சுன்னா இங்கயே இருக்கேன். இல்லன்னா அவங்ககிட்ட போறேன். கோச்சுக்கக் கூடாது.”

எக்ஸ்பான்ஷன் என்பது விளையாட்டின் புதிய விரிவாக்கம். ‘பனிக்கடல்’ என்று பெயர். அறிவித்து மாதக்கணக்காகிவிட்டது. அறிவிப்பில் இருந்ததெல்லாம் ஒன்றரை நிமிட வீடியோ: ஒரு கப்பல், நிறையப் பனி, கடைசியில் ஏதோ ஒன்றின் கண். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு படையினர் கட்டிய கோட்டை, விளையாட்டில் உள்ள கோட்டையைவிடப் பெரிது. அது டிராகன்தான் என்று ஒரு கட்சி. டிராகனாக இருந்தால் விளையாட்டையே விட்டுவிடுவோம் என்று இன்னொரு கட்சி. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் வில்லாளி, புது எதிரிகள் ரொம்பக் கடினமாக இருக்க வேண்டும் என்றார். எந்த அளவுக்கு என்று கேட்டதற்கு, தன்னால் முடிகிற, மற்றவர்களால் முடியாத அளவுக்கு என்று விளக்கினார். மந்திரவாதி ஒருவருக்குப் புது நிலம், புது நகரம், புது வானம் எல்லாமே வேண்டும். ஆனால் பழைய சந்தையில் தாம் சாய்ந்து நிற்கிற தூணை மட்டும் யாரும் தொடக்கூடாது. எல்லாம் மாற வேண்டும், எதுவும் மாறக் கூடாது என்ற இந்தத் தெளிவான கோரிக்கையைத் தளபதி பதினேழு அம்சங்களாகப் பிரித்து எழுதினார். நிறுவனமே விளையாடுகிறவர்களின் எதிர்பார்ப்புகளை எழுதியனுப்பச் சொல்லியிருந்தது. முதல் அம்சம் பை. மற்ற பதினாறும் அது தனியாக நின்று பல்லிளிக்கக் கூடாதே என்று துணைக்குப் போனவை.

பத்தாம் நாள் பதில் வந்தது. ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது. உங்கள் ஆலோசனைகளை எங்கள் குழுவினர் உரிய கவனத்துடன் பரிசீலிப்பார்கள்.’

இதே கடிதத்தை இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் அனுப்பியவர், தமக்கு ஒன்று வந்ததும் நெகிழ்ந்துபோனார். முக்கியம் என்றாலே போதுமே, ‘மிகவும்’ எதற்கு? ஏதோ இருக்கிறது. ‘குழுவினர்’ என்றால் ஒரு ஆள் இல்லை, நாலைந்து பேராவது உட்கார்ந்து பேசப்போகிறார்கள். மனைவியிடம் காட்டினார். மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் துணி மடிக்கப் போனார். அதையும் தளபதி நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை படையிடம், நிறுவனம் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்ட மாதிரிதான் என்று அறிவித்தார். மாலைக்குள் ‘கிட்டத்தட்ட’ உதிர்ந்தது. மறு வாரத்துக்குள் ‘மாதிரி’யும் உதிர்ந்தது. அதற்கடுத்த வாரம் பையில் நூற்றிருபது அறைகள் என்பது முடிவாகி, தோலா துணியா என்று தகராறு நடந்துகொண்டிருந்தது. பெரிய படையிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டதாக அக்கா தெரிவித்தார். தளபதி அன்று மூன்று முறை விழுந்தார். மூன்று முறையும் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

சந்தோஷத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் வித்தை தெரியாதவர், கடிதத்தை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பக்கத்து மேசை அம்மாள் பதினான்கு வருஷமாக அவரோடு பதில் அனுப்புகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படிக்கவில்லை.

“சார், இது நம்ம மூணாம் நம்பர்.”

“இல்ல மேடம். அவங்க பெரிய கம்பெனி. நம்மள மாதிரியா?”

“அதத்தான் சார் சொல்றேன். நம்மளவிட அழகா எழுதியிருக்காங்க. அப்போ நம்மளவிட நிச்சயமா செய்யமாட்டாங்க.”

அவர் உறையை மேசை இழுப்பறையில் வைத்தார். அன்று மதியம் முப்பத்தொரு பேருக்கு மூன்றாம் எண் போக வேண்டியிருந்தது. முதல் கடிதத்தில் கை சற்று நின்றது. பிறகு பழக்கம் கைகொடுத்தது.

விரிவாக்கம் வெளியாக இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஐந்து ஞாயிறுகளிலும் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல் ஞாயிறு அக்கா பை என்னவாயிற்று என்று கேட்டபோது, மேலிடத்தில் இருக்கிறது என்றார். இரண்டாவது ஞாயிறு, நல்ல நிலையில் நகர்கிறது என்றார். மூன்றாவது ஞாயிறு, இந்த நேரத்தில் நாம் அவசரப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும் என்றார். தொழில் தெரிந்தவர் பொய் சொல்வதே இல்லை. கேட்கிறவர் தாமாகவே நம்பிக்கொள்ள ஏற்பாடு செய்துகொடுப்பார். ஆனால் ஹெட்செட்டைக் கழற்றியதும் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவதைக் கவனித்த மனைவி, நெஞ்சை ஒரு படம் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

பனிக்கடல் ஒரு ஞாயிறு காலையில் வெளியானது. மூன்று மணிக்கு முப்பத்தெட்டுப் பேரும் கப்பலிலிருந்து பனியில் இறங்கினார்கள். கால் மணி நேரத்தில் எதிர்பார்ப்புகள் ஒவ்வொன்றாகக் கரைசேர்ந்தன. வீடியோவில் பார்த்த கண் கப்பலின் முகப்பில் செதுக்கியிருந்த மரப்பொம்மையினுடையது. டிராகன் கட்சியும் எதிர்க்கட்சியும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து திட்டின. கடினமான எதிரிகளைக் கேட்ட வில்லாளி முதல் எதிரியிடமே விழுந்து, இதெல்லாம் மனிதர்கள் விளையாடுவதற்கா என்று கேட்டார். பழைய சந்தைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்த மந்திரவாதி, தூணைக்கூட மாற்றவில்லை, சோம்பேறிகள் என்றார். புதிதாக நூற்று நாற்பது மூலிகைகளும் தோல்களும் எலும்புகளும் வந்திருந்தன. பை அதே பை. அறுபது அறை.

“தலைவரே,” என்றார் அக்கா.

மற்ற முப்பத்தாறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரோ வீட்டில் மிக்ஸி ஓடுவது மட்டும் கேட்டது. தளபதியின் நாக்கில் நான்கு பதில்களும் தயாராக நின்றன. எதைச் சொன்னாலும் இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம். அவர் நான்கையும் ஒதுக்கினார்.

“பை வராதுக்கா. இப்போன்னு இல்ல, எப்பவுமே வராது. அவங்க அனுப்புனது நான் ஆபீஸ்ல தெனமும் அனுப்புற லெட்டர். அஞ்சு வாரமா எனக்குத் தெரியும். சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு சொல்லாம இருந்தேன்.”

அக்கா குரலை உயர்த்தாமல், “அப்போ நான் கெளம்புறேன் தம்பி” என்றார். ஒன்பது வருஷத்தில் அவரைத் தம்பி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. தலைவர் பட்டம் போய்விட்டது என்பது எல்லோருக்கும் விளங்கியது. சரிக்கா என்றார் அவர். உண்மையைச் சொன்ன பிறகு சொல்வதற்கு வேறொன்றும் மிஞ்சாது என்பது அவருக்குப் புது அனுபவம்.

அக்கா கிளம்பவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. அவருடைய வைத்தியக்காரி பனியில் நின்ற இடத்திலேயே நின்றாள். எதிரே, அவர் வரவழைத்த பெரிய படையின் தூதன் ஓர் அழைப்போலையை நீட்டியபடி நின்றான். விளையாட்டில் ஓலையும் ஒரு பொருள்தான். அதை வாங்கிப் பையில் வைத்த பிறகே படை மாற முடியும். அக்காவின் பையில் ஓலை வைக்க அறை இல்லை.

“எதையாவது ஒண்ணத் தூக்கிப் போடணுமே,” என்றார் அக்கா, தமக்குத் தாமே. “இந்தத் துருப்பிடிச்ச சாவி எதுக்கு? எந்தப் பூட்டுக்குன்னே தெரியல.”

நியாயமாகப் பார்த்தால் இதில் தளபதி தலையிடக் கூடாது. தலையிட்டது வில்லாளிதான். பூட்டு தெரியாத சாவியைத்தான் எறியவே கூடாது, நாளைக்கே பூட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். உடைந்த மணியைப் போடலாமா என்றார் அக்கா. பாதி மணி ஊரில் யாரிடமும் கிடையாது என்றார் மந்திரவாதி. அப்புறம் முப்பத்தாறு பேருக்கும் அபிப்பிராயம் வந்துவிட்டது. ஒருவர் போடலாம் என்றால் மூன்று பேர் பாவம் என்றார்கள். ஐந்து மணி சுமாருக்கு அக்கா ஐம்பத்திரண்டாவது அறைக்கு வந்திருந்தார், ஒன்றையும் போட்டபாடில்லை. தூதனாக நின்ற ஆள் வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு ஓலையோடு மறைந்துபோனான்.

கம்பெனி பையைச் சிறிதாகவே வைத்ததில் படை பிழைத்தது. உண்மைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. தளபதிக்கு இது சற்று வருத்தமாகக்கூட இருந்தது.

“சரி, இன்னிக்கு வேணாம்,” என்றார் அக்கா. “கேடயத்த எடுங்க.”

தளபதி வேகமாக ஓடினார். நிம்மதியில் கொஞ்சம் அதிக வேகம். பனிப்பாறைக்குப் பின்னாலிருந்து வந்த ஏதோ ஒன்று ஒரே அடியில் அவரைச் சாய்த்தது. விழுந்த இடத்திலிருந்து வழக்கம்போல அக்காவின் வைத்தியத்துக்குக் காத்திருந்தார். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்; எழுப்பவில்லை.

“அஞ்சு நிமிஷம் அப்படியே கெடங்க. வாரத்துக்கு ஒரு நிமிஷம்.”

முப்பத்தாறு பேரும் சிரித்தார்கள். கணக்கு நியாயமாகத்தான் இருந்தது, அவர் கிடந்தார். மல்லாந்து கிடந்ததால் கண்ணுக்கு வானம் மட்டும் தெரிந்தது. பச்சையும் ஊதாவுமாக ஏதோ ஒளி நெளிந்துகொண்டிருந்தது. பனி ஒரே சீராக இல்லாமல், காற்றுக்குத் தக்கபடி சாய்ந்து சாய்ந்து விழுந்தது. மாதக்கணக்காக எதிர்பார்த்த பனிக்கடலை அவர் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தார். யாரோ மெனக்கெட்டு, நன்றாகவே வரைந்திருந்தார்கள்.