பெல்ட்டுக்குப் பூசிய தேங்காய் எண்ணெய்

எழுபதுகளின் பிற்பாதியில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். இரும்புக் கம்பி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் வண்டி மெக்கானிக். நான்கு லாரிகளும் முதலாளியின் காரும் என் பொறுப்பு.

அந்தக் கார் ஏலத்தில் எடுத்த பழைய அமெரிக்க வண்டி. அதில் பவர் ஸ்டியரிங் இருந்தது. இன்ஜின் ஓடினால் ஒரு பெல்ட் சின்ன பம்பைச் சுற்றும், பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தத்தில் ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பும். சுற்று வட்டாரத்தில் வேறு எந்தக் காரிலும் நான் அதைப் பார்த்ததில்லை. அதைத் தொடுகிற ஒரே ஆள் நான் என்று எனக்கு அப்படி ஒரு திமிர்.

ஆயுத பூஜை லீவு முடிந்த முதல் நாள் காலை, டிரைவர் முதலாளியை ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்பினார். பெரிய ரோட்டிலிருந்து திரும்புகிற இடத்தில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் வரப்பில் ஏறி நெல் வயலில் இறங்கிவிட்டது. புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையைப் போட்டுவிட்டுத் தாவியதால் பிழைத்தார்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். டிரைவருக்கு முழங்கால் வரை சேறு. "மேஸ்திரி, திருப்பும்போது ஸ்டியரிங் இறுகிக்கிச்சு. கீச்சுனு ஒரு சத்தம். ரெண்டு கையால இழுத்தும் வரல" என்றார்.

நான் பானெட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. பட்டறையில் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது.

"இன்னா நைனா, லீவுல தடாவுக்குப் போய் நல்லா ஊத்திக்கினு வந்தியா? வண்டி நேராத்தான் போயிருக்குது, நீதான் வளைஞ்சிட்டிருக்கிற!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. குடிக்கிறவர்கள் ஆந்திர எல்லையைத் தாண்டித் தடாவுக்குப் போவார்கள். டிரைவர் எல்லையோரம் ஆரம்பாக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் கிடையாது. அவர் குடித்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

பின்னால் நின்ற முதலாளி அதைக் கேட்டார். பயந்துபோன மனிதருக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. "மெக்கானிக்கே சொல்றான்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு டிரைவரை வெளியே போகச் சொன்னார். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தேன்.

பிறகுதான் இன்ஜினைப் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கல் மாதிரி இருந்தது. கீச்சென்று கத்தியது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆயில் பார்க்காமல் ஓட்டிப் பம்பைத் தின்றுவிட்டான் என்றேன். ஆயில் அளவு சரியாக இருந்தது. பம்பைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை. இரண்டு நாள் துடைத்தேன், பார்த்தேன், மாட்டினேன்.

கடைசியாகப் பெல்ட்டைப் போடும்போது கட்டைவிரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

பூஜைக்கு முதல் நாள் மெஷின்களைக் கழுவி, பளபளப்புக்கு எண்ணெய் தடவிச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். இரும்புக்குத் தடவலாம். முதலாளி கார் ஜொலிக்க வேண்டும் என்று ரப்பர் குழாய்க்கும் பெல்ட்டுக்கும் சேர்த்துத் தேய்த்த முட்டாள் நான். பெல்ட் வழுக்கியது, பம்ப் சுற்றவில்லை, அவ்வளவுதான். பெல்ட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, அது ஓடும் கப்பியைப் பெட்ரோலில் துடைத்து, இறுக்கி மாட்டினேன். ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்பியது. எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "குடிச்சான்னு நீதானய்யா சொன்ன? வேற டிரைவர் வச்சாச்சு. வாயை மூடிக்கினு வேலையைப் பாரு" என்றார். ஒருவன் பிழைப்பு போனது அவருக்கு அவ்வளவுதான்.

ஆரம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். வாசலில் அவர் மனைவி. "குடிகாரன் ஊட்டைத் தேடிக்கினு வந்தியா? அவரு ஊட்ல இல்ல, போ!" என்றார். செய்தி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. டிரைவர் வெளியே வந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"ரெண்டு கம்பெனி கேட்டுல திருப்பி அனுப்பிட்டாங்க, குடிக்கிற டிரைவர்னு. உன் மன்னிப்பு எனக்கு இன்னாத்துக்கு? அத்தினி பேர் முன்னாடி சொன்னல்ல, அத்தினி பேர் முன்னாடி மாத்திச் சொல்லு."

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரம் எங்கள் கம்பெனி கேட்டில், டிரைவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். "இவரு குடிக்கல. பெல்ட்டுக்கு எண்ணெய் தடவினது நான். நான் சொன்னது பொய்." கூட்டத்தில் ஒருவன், "எண்ணெய் தேய்ச்ச சரி, சீயக்காய் போட்டியா மேஸ்திரி?" என்றான். சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. அவரைத் திருப்பி அனுப்பிய இரண்டு கம்பெனிகளுக்கும் என்னை நடத்திக் கூட்டிப்போனார். அங்கேயும் சொன்னேன். இரண்டாவது இடத்தில் லாரி ஓட்ட எடுத்துக்கொண்டார்கள். அவர் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போனார்.

முதலாளி என்னைக் கண்டபடி திட்டினார். அடுத்த மாதமே நான் அந்த வேலையை விட்டேன், அதில் வருத்தமில்லை. ஆனால் அன்று பட்டறையில் சிரித்த பதினைந்து பேரில் மூன்று பேர், நான் கேட்டில் மாற்றிச் சொன்னபோது அங்கே இல்லை. அவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லவேயில்லை. எங்கோ ஒரு டீக்கடையில் அவர்கள் இன்றும் அந்த நல்ல மனிதரைக் குடிகாரன் என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் என் மீதே எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.