வாசிப்பு மேசையில் இரண்டு ஓரகத்திகள்

அச்சகத்தின் பின்னறையில் ஒரே ஒரு மேசை. இந்தப் பக்கம் சின்னவள், அந்தப் பக்கம் பெரியவள். தம்பியைக் கட்டியவள் ஒருத்தி, அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி. மாமியார் சாகக் கிடந்தபோது யார் பார்த்தது, யார் பார்க்காதது என்று மூண்ட சண்டையில் பதினோரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் ஒருத்தி சத்தமாக வாசிக்க, மற்றவள் கேட்டுப் பிழை திருத்த வேண்டும். பிழைப்பு அப்படி.

மூலம் பெரியவள் கையில். அச்சுப்படி சின்னவள் கையில். ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் வந்தால் காது கைவிட்டுவிடும். வாரமும் ‘வீக்’, பலமில்லாததும் ‘வீக்’. கல்லூரித் தலைவரும் ‘பிரின்சிபல்’, கொள்கையும் ‘பிரின்சிபல்’. அதனால் சின்னவள் அவற்றை ஜோடி ஜோடியாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். இடப்பக்கச் சொல்லுக்குப் பெரியவள் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவாள்; வலப்பக்கச் சொல்லுக்கு இரண்டு. வாசிப்பை விட்டால் இருவருக்கும் நடுவில் இருந்த பேச்சு அந்தத் தட்டு ஒன்றுதான்.

அன்று காலை முதலாளி ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பக்கம் பக்கமாக இதே குழப்பச் சொற்கள்தான், அர்த்தம் பிடிக்க ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

“அடுத்த மாசத்துலேர்ந்து இங்க ஒரு நாற்காலிதான். இதுல யாரால தப்பு வருதோ அவங்க கெளம்ப வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் தொடங்கினாள். “வீக்.” ஸ்கேல் அசையவில்லை. “பிரின்சிபல்.” அப்போதும் இல்லை. சின்னவள் நிமிர்ந்தாள். பெரியவள் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

அச்சில் தப்பு விழுந்தால் திருத்தியவள் தலைதான் உருளும். ‘எதுக்கா, வாரமா பலவீனமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பதைவிடச் சின்னவள் செத்தே போவாள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டாள். கேள்விக்குறி விழுந்தால் மூலம் வைத்திருப்பவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பது அந்த அச்சகத்தின் சட்டம்.

மதியத்துக்குள் எண்பத்தாறு.

முதலாளி தாளைத் தூக்கிப் பார்த்தார். “என்னம்மா இது, பக்கம் பூரா கொக்கி மாட்டி வச்சிருக்க?”

“தட்டினாத்தானே தெரியும். ஒண்ணுக்குக்கூடத் தட்டல.”

“கை வலிங்க” என்றாள் பெரியவள். “அந்த மகாராணிக்கு வாய் இருக்குல்ல? கேக்கச் சொல்லுங்க.”

“வாசிக்கிறதுக்கு நீங்கதான் பொறுப்பு. எண்பத்தாறுக்கும் உக்காந்து பதில் எழுதுங்க” என்றார் முதலாளி.

“இவ போட்ட கொக்கிக்கு நான் கையெழுத்துப் போடணுமா? அதுக்கு வேற ஆளப் பாருங்க!”

பெரியவள் பையைத் தோளில் மாட்டினாள். ‘இருங்கக்கா’ என்று யாராவது சொல்வார்களா என்பதுபோல் வாசலில் ஒரு கணம் நின்றாள். சின்னவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் புருஷன் கேட்டான். “அண்ணி வேலைய விட்டுட்டாங்களாமே, என்ன ஆச்சு?”

“போய் உங்க அண்ணியையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு, சின்னவள் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.