தலைவர் பெயரைக் கடைசியில் வைத்த ஆலிஸ்

என் அக்கா ஆலிஸ் பேச எழுந்தால் பட்டர்வொர்த் போகிற பெர்ரிப் படகு நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிடும். கொடிமலை ரயில் பாதி மலையில் நின்று காது கொடுக்கும். சீமையில் இருக்கும் பெரிய துரைமார்கள் "நாங்கள் கப்பல் ஏறிவிட்டோம், அடுத்த வாக்கியத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்லவும்" என்று தந்தி அடிப்பார்கள்.

இதெல்லாம் நான் அச்சுக்கூடத்தில் கூட வேலை செய்பவர்களிடம் அளந்தது. நிஜத்தில், அக்கா கடையில் சீனி கேட்டால் கடைக்காரர் இரண்டு தடவை "என்னம்மா?" என்பார். மாதா கோயிலில் அவள் பாடுகிறாளா, வாயை மட்டும் அசைக்கிறாளா என்று பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியாது.

தையற்காரர்களுக்குப் பித்தான் துளை தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கன்னிமார் மடத்துப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். நான் ஐந்தாவதோடு நின்றேன். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. இப்போது அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். வாசிக்கிறவர்கள் முகம்தான் மாறும்.

கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் எங்கள் சந்தில் ஒரு கடை ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. அதன் அஞ்சடியில், அதாவது கடைக்கு முன்னால் ஆட்கள் நடப்பதற்காக விட்டிருக்கும் நடையில், அக்கா சாயங்காலங்களில் பெண்பிள்ளைகளை உட்கார வைத்துத் தமிழ் சொல்லிக் கொடுத்தாள். நாசி கண்டார் சோறு விற்பவர் மகள் காமாரியா முதலில் வந்தாள். அவளைப் பார்த்து ரிக்‌ஷாக்காரர் மகள், பிறகு சந்திலுள்ள பாதிப் பிள்ளைகள். மழை சாய்த்து அடித்தால் சிலேட்டுப் பலகைகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார்கள்.

அந்தக் கடையை யாரோ வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். மாதம் பிறந்தால் திறப்பு. வேறு இடம் கிடைக்காவிட்டால் வகுப்பு கலைந்துவிடும். காமாரியாவை அவள் வாப்பா அடுப்படிக்கு அனுப்பத் தயாராகவே இருந்தார்.

இடம் இருந்தது. சந்து முனையில் தமிழர் நலச் சங்கம். அதன் பின்னறையில் யாரும் உட்காருவதில்லை, பாக்கு மூட்டைகள்தான் உட்கார்ந்திருந்தன. பொருளாளர் பஷீர் மரைக்காயருடையவை. சாவி தலைவர் கார்த்திகேசு ஐயாவிடம். ரயில்வேயில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் அவர். அக்கா போய்க் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் வந்து பேசட்டும், சபை முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டார்.

நீ எழுந்து நிற்பாய், முழங்கால் ஆடும், உட்கார்ந்துவிடுவாய் என்று நான் அக்காவிடம் சொன்னேன். அச்சுக்கூடத்தில் அதன்மேல் பந்தயமும் கட்டியிருந்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பேச்சை எழுத உட்காரவில்லை. அதற்கு முந்தின வாரக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேசுகிறவரைப் பார்க்கவே இல்லை. கேட்கிறவர்களைப் பார்த்தாள்.

எங்கள் சங்கத்தில் ஒரு முறை உண்டு. பேச எழுபவர் முதலில் வந்திருக்கும் பெரிய மனிதர்கள் எல்லாரையும் பட்டத்தோடு பெயர் சொல்லி அழைக்க வேண்டும். தலைவர் முதலில், மற்றவர்கள் அந்தஸ்துப்படி. ஒரு பெயர் விட்டுப்போனாலும் போச்சு, ஆறு மாதத்துக்கு முகம் கோணலாக இருக்கும். அதனால் அழைப்பு முடியவே பாதி நேரம் போய்விடும். அன்று பேசியவர் கொசு ஒழிப்பைப் பற்றிப் பேச வந்தவர். எல்லாப் பெயரையும் சொல்லி முடித்து "கொசுவானது" என்று தொடங்கியபோது நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னாள். "பாத்தியா லாரன்ஸ், தன் பேரு வர்ற வரைக்கும் ஒவ்வொருத்தரும் நிமிந்து உக்காந்திருக்காங்க. வந்த உடனே வெத்தலப் பெட்டிய தொறக்கறாங்க. விசயம் வர்றப்ப தலைவரு கண்ண மூடிட்டாரு."

"அதுக்கு நீ என்ன பண்ணப் போறே? பேரே சொல்லாம விட்டா கொன்னுருவாங்க லா."

"சொல்றேன். ஆனா மொத்தமா சொல்லல. ஒவ்வொரு பேரோடயும் விசயத்துல ஒரு துண்டக் கட்டி விடறேன். தலைவரு கடைசி."

தலைவரைக் கடைசியில் வைத்தால் சபையே எழுந்துவிடும் என்று பயமுறுத்திப் பார்த்தேன். அவர் பெயரை முதலில் சொன்னால் தூங்கிவிடுவார், தூங்குகிறவரிடம் சாவி கேட்க முடியாது என்றாள்.

அடுப்படியில் ஒத்திகை. எல்லாப் பானைகளையும் கவிழ்த்து வரிசையாக வைத்து, கரியால் மீசை போட்டேன். பெரிய சோற்றுப் பானை தலைவர். பஷீர் மரைக்காயரான பானைக்கு மீசைதான் கரி, தொந்தி இயற்கையாகவே அமைந்திருந்தது. நான் வாசலில் உட்கார்ந்துகொண்டு, குரல் கேட்காதபோதெல்லாம் தகரத்தைத் தட்டினேன். முதல் நாள் தட்டித் தட்டிக் கை வலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உங்கள் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று விசாரித்துவிட்டுப் போனார். பேச்சில் எங்கே மூச்சு வாங்குவது, எந்தப் பெயருக்குப் பின் நிறுத்துவது என்று அவள் பித்தான் துளை தைத்துக்கொண்டே முணுமுணுப்பாள். வாரக் கடைசியில் தகரம் சும்மா கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்தபோது முழங்கால் ஆடியது உண்மை. சேலைக்குள் ஆடியதால் எனக்கு மட்டும் தெரிந்தது. "சபையோர்களே" என்றாள். அது முன்வரிசையோடு நின்றுவிட்டது. பின்னால் பேச்சுச் சத்தம் ஓயவில்லை.

அடுத்து, ஊரிலிருந்து வரும் கடிதங்களை எங்கள் சந்துப் பெண்களுக்குச் சலிக்காமல் வாசித்துக் காட்டும் செயலாளர் வின்சென்ட் அவர்களே என்று அழைத்தாள். தலைவருக்கு முன் செயலாளரா? சபை சட்டென்று அடங்கியது. எங்கள் ரகசியமெல்லாம் சுமந்து உங்களுக்கும் பாரம்தானே, அவரவர் கடிதத்தை அவரவரே வாசிக்கும் காலம் வர வேண்டாமா என்றாள். வின்சென்ட் இருமினார். பெண்கள் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அதன்பிறகு, தன் பெயர் எப்போது வரும், எதைக் கட்டிக்கொண்டு வரும் என்று தெரியாமல் ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குரல் சின்னதாக இருந்ததால் முன்னால் வேறு சாய வேண்டியிருந்தது.

பஷீர் மரைக்காயர் பக்கம் திரும்பியபோது அக்காவின் உதடு துடித்தது. பானை நினைவு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மூச்சு வாங்கிச் சொன்னாள்.

"மழையில் பாக்கு நனைந்துவிடக் கூடாதென்று மூட்டைகளுக்கு இடம் தேடிக் கொடுத்த பொருளாளர் பஷீர் மரைக்காயர் அவர்களே, பாக்குக்கு இரங்கிய மனசு, அஞ்சடியில் நனைகிற பிள்ளைகளுக்கும் இரங்காதா?"

மரைக்காயர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தவர், ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

தலைவரின் கழுத்து சிவந்திருந்தது. அவர் பெயர் இன்னும் வரவில்லை. நேரம் முடிந்துவிட்டது. மணியைக் கையில் எடுத்தார். அக்கா நின்றுவிட்டாள். அடிக்கட்டும் என்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மணியைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். தன் பெயர் சொல்லப்படாத கூட்டத்தைத் தானே முடித்துவைத்த தலைவர் என்று ஊர் பேசாதா? மணியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கோ பிள்ளை, இன்னும் ஆர் மிச்சம்?"

"யாழ்ப்பாணத்தில் தங்கையைப் படிக்க வைத்து, அவர் ஆசிரியையாக நிற்பதைக் கண்குளிரப் பார்த்த எங்கள் தலைவர் கார்த்திகேசு ஐயா அவர்களே, உங்கள் தங்கை எழுத்துப் பழக அன்று யாரோ ஒருவர் ஓர் அறையைத் திறந்துவிட்டிருப்பார். இங்கே அந்தச் சாவி உங்களிடம் இருக்கிறது." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பொருளாளரைப் பார்த்து, மூட்டைகளுக்கு வேறு வழி உண்டோ என்று கேட்டார். தன் சரக்குக் கிட்டங்கியில் மூலை இருக்கிறது என்று மரைக்காயர் பாக்கு விலை சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னார். வாரத்தில் மூன்று சாயங்காலம், முதலில் மழைக்காலம் முடியும்வரை என்று தீர்மானம் ஆனது. சாவியைத் தலைவரே இறங்கி வந்து அக்கா கையில் கொடுத்தார்.

வெளியே காமாரியாவும் மற்றப் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். அக்கா சாவியைத் தூக்கிக் காட்டியதும் போட்ட கூச்சலில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண்ணில் தூசி விழுந்திருந்தது. அதை மறைக்க, சட்டைக்குள்ளிருந்த அட்டையை எடுத்து நீட்டினேன். "பெண்கள் தமிழ் வகுப்பு, சங்கத்துப் பின்னறை" என்று பெரிய எழுத்தில் அச்சடித்தது.

"தீர்மானம் ஆன உடனே ஓடிப்போய் அடிச்சிட்டு வந்தேன்க்கா. பந்தயத்துல தோத்ததுக்குத் தண்டனை."

அக்கா அட்டையை வாங்கினாள். பெரிய எழுத்தின்மேல் விரலை அழுத்தி ஒரு முறை தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள், கறுப்பு ஒட்டவே இல்லை.

"மை நல்லாக் காஞ்சிருக்கேடா. எந்தக் கெழமை அடிச்சே?"