சௌந்தர் சார் எழுதாத நிரல்

சௌந்தர் சார் காலமான செய்தி, தில்லை நகரில் அவர் நடத்திய இணையதள நிறுவனத்தின் பழைய ஊழியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவர் மேதை ஆகிவிட்டார். "திருச்சிக்கே கோடிங் கற்றுக்கொடுத்தவர்" என்று ஒருவர் எழுதினார். அங்கே கோடிங் தெரிந்தவள் எங்களோடு வேலை பார்த்த பாத்திமா.

நிறுவனத்தின் தளத்தில் போட என்னிடம் அஞ்சலி கேட்டார்கள். பாத்திமாவுக்குப் போன் செய்தேன்.

"அல்லா அவரை மன்னிக்கட்டும். தாராளமா எழுதுங்கக்கா. அவருக்குக் கோடிங் தெரியும்னு மட்டும் எழுதிடாதீங்க."

அஞ்சலி கேட்டவர்களுக்கோ மேதை என்ற சொல் அதில் வந்தாக வேண்டுமாம். அதனால் அங்கே எழுதவில்லை, இங்கே என் வலைப்பதிவில் எழுதுகிறேன்.

வாடிக்கையாளர்களிடம் அவர் பேசும் பேச்சு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "இது நம்ம கம்பெனியே உருவாக்கின சிஸ்டம் சார். ஒவ்வொரு வரியும் நான் எழுதினது." உண்மையில் அது யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். முகம் தெரியாத பெருந்தன்மைக்காரர்கள் பலர் சேர்ந்து பிஎச்பி மொழியில் எழுதியது. சௌந்தர் சாரின் பங்களிப்பு, உள்நுழையும் பக்கத்தில் அவர்களுடைய சின்னத்தை எடுத்துவிட்டுத் தன் சின்னத்தை வைத்தது. அதையும் அவர் வைக்கவில்லை. வடிவமைப்பாளரான நான்தான் வைத்தேன்.

சமயபுரத்தில் லாட்ஜ் நடத்திய ஒருவருக்கும் இதையே விற்றார். அந்தத் தளத்தைப் பாத்திமா பார்த்துக்கொண்டாள். அறை முன்பதிவுக்காகச் சேர்த்திருந்த துணை நிரல் பழசாகிவிட்டது, வெளியாட்கள் உள்ளே புகுந்துவிடும் ஓட்டை இருக்கிறது, புதுப்பிக்க வேண்டும் என்று பலமுறை சொன்னாள்.

"பக்கம் ஓடுதுல்ல? ஓடுறதை எதுக்கும்மா நோண்டுறே?"

அவருடைய பொன்மொழிகளைத் தொகுக்க விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

திருவிழா நெருங்கிய வாரத்தில் லாட்ஜின் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்தது. லாட்ஜ்காரர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "அம்மன் படம் இருந்த இடத்துல சீட்டுக்கட்டு ஆடுது சார். ஊர்ல தலைகாட்ட முடியல."

சௌந்தர் சார் யோசிக்கவே இல்லை. பாத்திமாவைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணு பாஸ்வேர்டை எங்கயோ விட்டுருச்சு. இன்னையோட வேலையை விட்டு நிறுத்திட்டேன்."

"அந்தத் துணை நிரலைப் புதுப்பிக்கணும்னு நான் சொன்னேனா இல்லையா சார்? அதை மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் பாத்திமா.

"அவ சொன்னா சார்" என்று நானும் சொன்னேன். என்னைப் போய் டீ சொல்லச் சொன்னார். பாத்திமா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் அவளுடைய கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை நிறைய பிஎச்பி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எல்லா ஃபைலையும் தேடிட்டேங்க. லாட்ஜ் பேரே எங்கயும் இல்ல. அழிச்சுட்டானுங்களா?"

பெயர் அங்கே இருக்காது. பெயர், படம், அறை விவரம் எல்லாம் தரவுத்தளத்தில் கிடக்கும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது பிஎச்பி அவற்றை எடுத்து வந்து, தயாராக இருக்கும் வார்ப்புருவில் பொருத்தி, உலாவிக்குப் புரியும் எச்டிஎம்எல்லாக அனுப்பும். அவர் அத்தனை காலம் விற்ற சரக்கே அதுதான். எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த எவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது.

சொன்னேன்.

"அப்படியா?" என்றார்.

"பாத்திமாவைக் கூப்பிடுங்க சார். சரி பண்ணிடுவா."

"இனிமே நான் எப்படிங்க கூப்பிடுறது?"

கூப்பிடவில்லை. திருவிழா முடியும்வரை சீட்டுக்கட்டு ஆடிக்கொண்டே இருந்தது. லாட்ஜ்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அந்த மாதமே நானும் விலகினேன். பாத்திமா இப்போது பாலக்கரையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குத் துணை நிரல்கள் எழுதுகிறாள். அவள் எழுதுவதில் அவள் பெயர் இருக்கிறது.

சௌந்தர் சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு "அப்படியா?"வை மட்டும்தான். தெரியாததைத் தெரியாது என்று அவர் காட்டிக்கொண்டு நான் கேட்ட ஒரே சொல் அது. அதை ஒரு நாள் முன்னதாகப் பாத்திமாவிடம் சொல்லியிருந்தால், மேதை என்று இவர்கள் எழுதுவதை நானும் பேசாமல் படித்துவிட்டுப் போயிருப்பேன்.